ஞாயிற்றுக்கிழமை வாய்கள்

வாய். எங்க பாத்தாலும் வாய். தொறந்த வாய், மென்னுக்கிட்டிருக்கிற வாய், பாதி முழுங்கின வாய், சிரிக்குதா கத்துதான்னு சொல்ல முடியாம காது வரைக்கும் கிழிஞ்ச வாய். உள்ள பல்லு. பல்லுகூட வெள்ளையா இல்ல, மஞ்சளும் பச்சையுமா, நாலு நாள் தேய்க்காத பல்லு. சீ. இதைப் போய்ப் படம்னு சொல்லி, மேல ஒரு லைட்டு வேற போட்டு, சுவர் முழுக்க அடைச்சு மாட்டி வெச்சிருக்காங்க. நடு வீட்டுல இதை யாராவது மாட்டுவாங்களா? மாட்டிட்டு அதுக்கு எதிர்ல உக்காந்து சோறு எறங்குமா? காலையில சாப்பிட்ட ரெண்டு இட்லி தொண்டைக்குக் கீழ வந்து நிக்குது. ஆனா திரும்பிப் போக முடியாது சௌந்தரம், நில்லு. பாரு. பாக்கத்தானே வந்திருக்க. ஒரு வருஷத்துக்கு மேல பேசாத பொண்ணு போன் பண்ணி, "அம்மா, என் படம் ஒண்ணு நுங்கம்பாக்கத்துல மாட்டியிருக்காங்க, வந்து பாரு. பாத்துட்டு உனக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லு. ஒரு வார்த்தை போதும்"னு சொன்னாளே. அந்த ஒரு வார்த்தைதான் இப்ப நெஞ்சுல உக்காந்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்குது. நல்லா இருக்குன்னு சொன்னா பொய்யின்னு கண்டுபிடிச்சிடுவா, என் பொய்யெல்லாம் அவளுக்கு அத்துப்படி. நிஜத்தைச் சொன்னா, சரிம்மான்னு சொல்லிட்டு அன்னைக்கு மாதிரியே படியிறங்கிப் போயிடுவா, இந்தத் தடவை போனா போனதுதான். வீட்டுக்கு வாடி திலகா, அவ்வளவுதானே எனக்கு வேணும். அதைச் சொல்றதுக்கு முன்னாடி இந்தக் கண்றாவியைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணுமாம். என்ன வார்த்தைடி சொல்லுவேன்? வாந்திங்கிறதும் ஒரு வார்த்தைதான்.

கீழ ஒட்டியிருக்கிற அட்டையில 'ஞாயிற்றுக்கிழமை, மெரினா'ன்னு போட்டு திலகவதி திருநாவுக்கரசுன்னு பேரு. அப்பா பேரை விடல, பரவாயில்ல. மெரினான்னு எழுதலைன்னா மெரினான்னு எவனுக்குத் தெரியும்? வானம் செங்கல் நெறத்துல இருக்கு. எந்த ஊர்ல இருக்கு செங்கல் வானம்? கடல் கறுப்பு, அதுல ஒரு பாசிப் பச்சை, கழுவுற தொட்டி அடைச்சுக்கிட்டா நிக்குமே தண்ணி, அது. மணலோட நெறத்தை நான் சொல்லவே மாட்டேன். அதுக்கு மேல ஜனங்க. ஊரே பெரண்டு வந்து விழுந்த மாதிரி. பலூன் சுடுறவன் ஒருத்தன், துப்பாக்கியும் அவன் மூக்கும் ஒரே நீளம். ஒரு குதிரை, அதுக்கும் மனுசப் பல்லு. சோளக்கதிரை ரெண்டு கையாலயும் புடிச்சு முகத்துல தேச்சுக்கிட்டிருக்கிற பொம்பளை, முகம் எது சோளம் எதுன்னு தெரியல. படகு மறைவுல ரெண்டு பேரு, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் தின்னுக்கிட்டிருக்காங்க, அப்படித்தான் தெரியுது எனக்கு. ராட்டினத்துல தொங்குறதெல்லாம் கொழந்தைங்களா கசாப்புக் கடை ஆடான்னு தெரியல. நடுவுல பஜ்ஜிக் கடை, அடுப்பு நெருப்பு கீழேயிருந்து எல்லார் முகத்துலயும் அடிச்சு, மோவாய்க்கட்டை எல்லாம் ஆரஞ்சு, நெத்தி எல்லாம் நீலம். பெயின்ட்டை பிரஷ்ஷால வெக்கிறதில்ல இவ, கத்தியால அப்புறா. காலேஜ்ல சேர்ந்த புதுசுல கத்தியைக் காட்டினப்ப, தோசைத் திருப்பி குட்டி போட்ட மாதிரி இருக்கேடின்னு சொன்னேன், சிரிச்சா. அப்பல்லாம் சிரிப்பா. கட்டி கட்டியா நிக்குது பெயின்ட்டு, கிட்டப் போனா ஒரு எண்ணெய் வாசனை. பெயின்ட்டுல கலக்குற ஆளி விதை எண்ணெயாம். எனக்கு ஆளி விதையும் தெரியல ஒரு விதையும் தெரியல, திரும்பத் திரும்பக் காய்ச்சின பஜ்ஜி எண்ணெய்தான் நாத்தம் அடிக்குது. அந்த நாத்தம் மூக்குல ஏறின ஒடனே நான் இங்க இல்ல. மணல்ல இருக்கேன். செருப்புக்குள்ள மணல், பொடவை ஓரத்துல மணல், பல்லுல மணல்.

ஞாயித்துக்கிழமைன்னா பீச்சு. மழை பேஞ்சாலும் பீச்சு. இவர், திலகாவோட அப்பா, ஆபீஸ்ல ஆறு நாளும் ஃபைல் மேல கவுந்து கெடப்பாரு, மின்சார வாரியத்துல வேலை, ஏழாவது நாள் கட்டவுத்து விட்ட கன்னுக்குட்டிதான். ராயப்பேட்டையிலேர்ந்து பஸ் புடிச்சு, கண்ணகி சிலைகிட்ட எறங்கி, அப்புறம் அந்த மணல்ல நடக்குறது. எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமையாவது புடிச்சிருந்துதான்னு யாராவது கேட்டிருக்காங்களா? நான் வர்றது எதுக்கு? இவங்க ரெண்டு பேரும் ஊரு எச்சிலையெல்லாம் தின்னு வாந்தி பேதி வந்து படுக்காம பாத்துக்கிறதுக்கு. பழைய பெட்ஷீட் ஒண்ணு, கட்டம் போட்டது, அதை விரிச்சு அதும்மேல நான் உக்காருவேன். காலைக்கூட வெளிய வெக்கமாட்டேன். வீட்டுலேர்ந்து தண்ணி பாட்டில். அண்ணாந்து குடிடி, வாய் வெச்சுக் குடிக்காத. ஒரு கைக்குட்டை, இவரோடதுதான், ஆம்பளைக் கைக்குட்டைதான் பெருசா இருக்கும். அது என் கையிலயே இருக்கும். இவரு அங்க கடை வாசல்ல நின்னு ஒரு கையில மிளகாய் பஜ்ஜி ஒரு கையில மாங்காய்த் துண்டு, மீசையில சட்னி, "சௌந்தரம், ஒரு வாய் சாப்பிட்டுப் பாரேன், செத்தா போயிடுவ?"ன்னு அங்கேருந்தே கத்துவாரு. ஜனங்க திரும்பிப் பாக்கும். மானம் போகும் எனக்கு. அவன் எந்தத் தண்ணியில மாவு கரைச்சான், எந்தக் கையால கரைச்சான், அந்தக் கை அதுக்கு முன்னாடி எங்க இருந்துது, இதையெல்லாம் யோசிக்கவே யோசிக்காத மனுசங்க எப்படித்தான் இருக்காங்களோ. தட்டுன்னு ஒண்ணு குடுப்பான், ஒரு வாளித் தண்ணியில முக்கி எடுத்தா அது கழுவினதா ஆயிடுமா? ஊரே முக்கின வாளி.

இவ சின்னவளா இருந்தப்ப அங்கேருந்து ஓடி வருவா. குடுகுடுன்னு மணல்ல விழுந்து எந்திரிச்சு, கையில கடிச்ச பஜ்ஜி, வாயெல்லாம் செவப்பு, அந்த சாஸ்னு ஒரு செவப்புத் தண்ணி ஊத்துவானே. "அம்மா நீ ஒரு கடி." அது ஒரு பழக்கம் அவளுக்கு, எதைத் தின்னாலும் பாதியைக் கொண்டாந்து நீட்டணும். எச்சில்டி, நீயே தின்னு. "ஒரே ஒரு கடிம்மா." வேணாம்னா வேணாம். அதுக்குள்ள பின்னாடியே இவர் வந்து குனிஞ்சு, அவ கையிலேர்ந்தே லபக்குன்னு கவ்வி, ஆஹாம்பாரு. எச்சில்னு ஒண்ணு உலகத்துல இருக்குன்னே தெரியாத மனுசன். நான் மோவாயைப் புடிச்சு நிமிர்த்தி வாயைத் துடைப்பேன். திரும்ப ஓடுவா, திரும்பத் தின்னுட்டு வருவா, திரும்பத் துடைப்பேன். காஞ்ச துணியில போகாது, நாக்கு நுனியில தொட்டு ஈரம் பண்ணி அழுத்தித் துடைக்கணும். பெத்தவ எச்சில் எச்சிலா என்ன? அழுத்தித் துடைச்சாத்தான் போகும். ஒதடு செவந்து போகும். கொஞ்சம் வளர்ந்தப்புறம் என்னைக் கண்டாலே தானே பொறங்கையால துடைச்சுக்குவா. நல்ல பழக்கம். நான் கத்துக் குடுத்ததுதான்.

அங்க, பஜ்ஜிக் கடைக்கு இடது பக்கம், அந்த நீலக் கட்டம் போட்ட சட்டை. அந்தச் சட்டையை எனக்குத் தெரியும். நான் தோய்ச்ச சட்டை. பாவி மக, பெத்த அப்பனைக்கூட விட்டு வெக்கல. முகம் பச்சை. கன்னம் ரெண்டும் உப்பி, கண்ணு சொருகி, வாய் மட்டும் அவ்வளவு பெருசா, அதுக்குள்ள ஒரு கறுப்பு, கெணறு மாதிரி போய்க்கிட்டே இருக்கு. இப்படியா இருந்தாரு அவரு? அதைத்தான் யோசிக்கிறேன், யோசிக்க வேணாம்னு நெனைக்கிறேன், இருந்தாரு. கடைசியா அந்த ஐ.சி.யூல இப்படித்தான் இருந்தாரு. வாய் மூடல. மூடி விட்டாலும் தொறந்துக்கும். கொழாய் ஒரு பக்கம், எச்சில் ஒரு பக்கம் வடிஞ்சுக்கிட்டே இருக்கும், நான் கைக்குட்டையோட பக்கத்துலயே நிப்பேன், துடைச்சுக்கிட்டே நிப்பேன். நர்ஸம்மா ஒருத்தி, "இவ்வளவு சுத்தமா பாத்துக்கிறவங்களை நான் பாத்ததே இல்லம்மா"ன்னு சொன்னா. திலகா கால்மாட்டுல நின்னுக்கிட்டு, "அம்மா, கொஞ்சம் விடேன், அவர் கையைப் புடிச்சுக்கோயேன்"னா. கையைப் புடிச்சுக்கிட்டா வாயை யார் துடைக்கிறது? வடிஞ்சு தலகாணி நனையுமே. இதெல்லாம் சொன்னாப் புரியாது அவளுக்கு. அவர் போய் நாலு வருஷம் ஆச்சு, அந்தக் கறுப்பு எங்க போச்சுன்னு நெனைச்சேன், இங்க வந்து மாட்டியிருக்கா லைட்டு போட்டு.

"ரொம்ப தொந்தரவு பண்ணுதில்ல?"ன்னு பக்கத்துல ஒரு குரல். கதர்ப் பொடவை, வெள்ளி வளையம், பெரிய பொட்டு. என்னைத்தான் கேக்குறா. ஆமாம்மா தொந்தரவுதான்னு சொன்னேன். "அதான் ஆர்ட்டிஸ்ட்டோட வெற்றி"ங்கிறா. கொசுகூடத்தான் தொந்தரவு பண்ணுது, கொசுவோட வெற்றியா அது? சொல்லல. "என் பொண்ணு வரைஞ்சது"ன்னு மட்டும் சொன்னேன். ஏன் சொன்னேன்? ஒடனே என் கையைப் புடிச்சுக்கிட்டா, ஈரக் கை. "நீங்க ரொம்பப் பெருமைப்படணும்." படுறேம்மா, படுறேன், கையை விடு. போனதும் முந்தானைக்குள்ள கையைத் தேச்சுக்கிட்டேன். அவளுக்குப் பின்னாடி தாடி வெச்ச ரெண்டு பேரு நின்னு, முகத்தையெல்லாம் கோரமாப் போட்டாத்தான் உள்ள இருக்கிற தனிமை வெளிய வரும்னு என்னமோ பேசிக்கிட்டாங்க. தனிமையாம். பீச்சுல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் காலை வெக்க எடம் கெடையாது, தனிமை.

அப்புறம் அவன் வந்தான். ஆமோஸ். இங்க இருப்பான்னு தெரியும், தெரிஞ்சுதான் வந்தேன். கார்ப்பரேஷன் ஸ்கூல்ல டிராயிங் மாஸ்டர், திலகாவுக்குக் காலேஜ்லேர்ந்து பழக்கம், இப்ப பழக்கம்னு மட்டும் சொல்ல முடியாது, போன தை மாசம் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணமே பண்ணிக்கிட்டாங்க, யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். "வாங்கம்மா. தனியாவா வந்தீங்க? திலகாவை உள்ள புடிச்சு வெச்சிருக்காங்க, பேச்சு ஆரம்பிக்கப் போவுது, முடிஞ்சதும் வந்துடுவா. நின்னுக்கிட்டே இருக்கீங்களே, சேர் போடவா?" வேணாம்ப்பான்னேன். "டீ?" வேணாம்னு சொல்றதுக்குள்ள போய்க் கொண்டாந்துட்டான். பேப்பர் கப்பு. எல்லாருக்கும் அதுதான் இங்க, சுத்திப் பாத்தேன், எல்லார் கையிலயும் பேப்பர் கப்புதான். அவன் மனசுல ஒண்ணும் இல்ல. ஓரம் தன் கை படாம, அடியில புடிச்சு, எனக்குன்னு பாத்துக் குடுத்தான். நான் வாங்கிக்கிட்டேன். அவன் கண்ணைப் பாக்கல. "சூடா இருக்கும், பாத்து"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டான்.

டம்ளர் கழுவாம இருந்துதுன்னுதான் அன்னைக்கே சொன்னேன். எத்தனை தடவை சொல்றது? திலகா முன்கூட்டியே சொல்லாம அவனை வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்தா, இவரோட மாமா ஒருத்தர், அத்தை பொண்ணு, ஏற்கெனவே வந்து உக்காந்திருக்காங்க, அவங்களுக்கெல்லாம் டம்ளர்ல காபி குடுத்தாச்சு, அவனுக்குக் கையில எது கெடைச்சுதோ அதுல ஊத்திக் குடுத்தேன். இவரோட பதினாறாம் நாள் காரியத்துக்கு வாங்கினதுல மிச்சம் இருந்துது பேப்பர் கப்பு. அது ஒரு தப்பா? சாதி பாத்தேன்னு சொன்னா. நான் சாதியே பாக்கமாட்டேன், சுத்தம் பாப்பேன், அவ்வளவுதான், சொந்த அண்ணன் டம்ளர்லகூட நான் வாய் வெச்சதில்ல. ஊரு எதுன்னு கேட்டேன், செங்கல்பட்டுப் பக்கம்னான், செங்கல்பட்டுல எங்கன்னு கேட்டேன், அது எல்லாரும் கேக்கிறதுதானே. அவன் குடிச்சு முடிச்சுட்டு கப்பைக் கீழ வெக்காம, அதைச் சின்னதா மடிச்சு மடிச்சு சட்டைப் பையில போட்டுக்கிட்டான். குப்பைத் தொட்டி எங்கன்னுகூடக் கேக்கல. அதைத்தான் திலகா பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம் அலமாரியைப் பாத்தா. கவுத்து வெச்ச டம்ளருங்க, வரிசையா, வெய்யில் பட்டு… சரி, கழுவாம இருந்துது. கழுவினது எது கழுவாதது எதுன்னு தூரத்துலேர்ந்து அவளுக்கு எப்படித் தெரியும்? "வா ஆமோஸ், போலாம்." அவ்வளவுதான் சொன்னா. செருப்பை மாட்டக்கூட இல்ல, கையில எடுத்துக்கிட்டு எறங்கினா. டீ ஆறுது. ஆடை கட்டுது. ஒரு வாய் குடிச்சாத்தான் என்ன. ஓரத்துல ஒரு சொட்டு வடிஞ்சு காகிதம் ஊறிப்போய்க் கெடக்கு, அதைப் பாத்தாலே… அப்புறம் குடிக்கிறேன்.

உள்ள மைக்கு தட்டுற சத்தம். ஹலோ, ஹலோ. எல்லாரும் அந்தப் பக்கம் போறாங்க, கதர்ப் பொடவை, தாடிங்க, எல்லாரும். வாசல்ல வாட்ச்மேன் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறான். இப்ப நானும் இந்த வாய்ங்களும்தான். எல்லாரையும் போட்டிருக்காளே, என்னைப் போட்டிருக்காளான்னு அப்பதான் தோணுச்சு. போடாம இருப்பாளா, எவ்வளவு கோவம் இருக்கும். மூக்குக் கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டு ஒரு ஓரத்துலேர்ந்து தேட ஆரம்பிச்சேன். பயம்தான். எந்தப் பூதத்துக்கு என் மூக்கு இருக்குமோ, எந்தப் பேய்க்கு என் மெரூன் பொடவையோ. சோளக்கதிர்க்காரி இல்ல. ஐஸ்காரன் பக்கத்துல நிக்கிற குண்டுப் பொம்பளை, இல்ல, அது இவர் தங்கச்சி மல்லிகா, அவ கொண்டையேதான், ஒரு ஞாயித்துக்கிழமை வந்திருந்தா. ராட்டினத்துக்குக் கீழ பாத்தேன், படகுப் பக்கம் பாத்தேன். நான் இல்ல. ஒரு நிமிஷம் நிம்மதி. அடுத்த நிமிஷம் சுருக்குன்னு ஒண்ணு. பலூன்காரனுக்கு எடம் இருக்கு, குதிரைக்கு எடம் இருக்கு, பெத்தவளுக்கு இல்லியா? அத்தனை ஞாயித்துக்கிழமையும் மணல்ல உக்காந்தேனே.

அப்புறம் கீழ பாத்தேன். படத்தோட அடி ஓரத்துல ஒரு மூலை. சுருங்கின துணி, கட்டம் போட்டது, பழுப்பும் வெள்ளையும். எங்க பெட்ஷீட். அதும்மேல ஒரு தண்ணி பாட்டில், அதுக்குப் பக்கத்துல மெரூன் கலர்ல ஒரு மடிப்பு. முட்டி. ஒக்காந்திருக்கிற பொம்பளையோட முட்டி. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல, இடுப்பு இல்ல, முகம் இல்ல, ஏன்னா அதுக்கு மேல நான் நிக்கிறேன். இது நான் உக்காந்த எடம். அந்தப் பஜ்ஜிக் கடை, அங்கேருந்து பாத்தா இவ்வளவு தூரத்துலதான் தெரியும், இவர் அந்தக் கோணத்துலதான் நிப்பாரு. இவ பாத்த பீச்சு இல்ல இது. இவ மணல்ல விழுந்து எந்திரிச்சு ஓடிக்கிட்டிருந்தா, இவளுக்குக் குதிரை குதிரையாத்தான் தெரிஞ்சிருக்கும், அப்பா அப்பாவாத்தான் தெரிஞ்சிருப்பாரு. அடிப்பாவி. என் முட்டி மேல உக்காந்து என் கண்ணுக்குள்ள பூந்து பாத்திருக்கா. நான் இப்படியா பாத்தேன்? ஆமா, பாத்தேன், அதுல என்ன தப்பு, தின்னுற வாய் தின்னுற வாயாத்தான் தெரியும், பூவாவா தெரியும்? பெயின்ட்டுதானா நெசத் துணியான்னு ஒரு சந்தேகம் வந்து, பெட்ஷீட்டை நகத்தால லேசாச் சொரண்டிப் பாத்தேன். காஞ்சு கல்லு மாதிரி இருக்கு.

அந்த ஜனக் கூட்டத்துல ஒருத்தர்கூட இந்தப் பக்கம் பாக்கல. ஒரே ஒருத்தி. சின்னவ. பெட்ஷீட்டுக்கு ரெண்டடி தள்ளி நிக்கிறா, மஞ்சள் கவுன், முட்டியெல்லாம் மணல், கையில கடிச்சது எதையோ புடிச்சு என் பக்கமா நீட்டிக்கிட்டிருக்கா. அவ முகம் மட்டும் பச்சையும் இல்ல நீலமும் இல்ல, முகத்து நெறத்துல இருக்கு. கண்ணு என்னையே பாக்குது. வாய் பூராவும் செவப்பு, ஒதட்டைத் தாண்டி கன்னம் வரைக்கும் ஈஷி, கொழகொழன்னு மின்னுது லைட்டுல. எத்தனை தடவை சொல்றது இவளுக்கு. இரு. ஓடாத. இங்க வா. இப்படியேவா நிப்ப, ஈ மொய்க்கப் போவுது, நிமிரு, நிமிரு பாப்போம். 

கையைப் பாத்தேன். கைக்குட்டையில செவப்பு. எப்ப பையைத் தொறந்தேன், எப்ப நாக்குல தொட்டேன், ஒண்ணும் தெரியல, நாக்கு நுனியில துணி ருசி மட்டும் இருக்கு. அழுத்தித்தான் துடைச்சிருக்கேன், நான் எப்பவும் அழுத்தித்தானே துடைப்பேன். மத்ததெல்லாம் கல்லு மாதிரி காஞ்சு கெடக்க, இது மட்டும் பச்சையா இருந்திருக்கு, வழிச்சுக்கிட்டு வந்துடுச்சு. படத்தைப் பாத்தேன். அய்யோ. வாய் இல்ல. செவப்பு போன எடத்துல ஒதடு இருக்கணுமே, இல்ல, மூக்குக்குக் கீழ வழுவழுன்னு வெறும் தோலு, மோவாய் வரைக்கும். கண்ணு மட்டும் என்னையே பாத்துக்கிட்டிருக்கு. அடியில வாயே வரையலையா இவ? நான் அழிச்சது வாயையா அழுக்கையா? முருகா, என்ன பண்ணி வெச்சிருக்கேன். எடுத்துத் திரும்ப அப்பிடலாமா, கைக்குட்டையில இருக்கிறதை அப்படியே வெச்சு ஒத்தினா ஒட்டுமா? பைத்தியக்காரி, இன்னும் கெடும். உள்ள கை தட்டுறாங்க. வாட்ச்மேன் திரும்பல. போயிடலாம். யார் பாத்தா? நான் வரவே இல்லன்னு சொல்லிடலாம், ஆமோஸ் பாத்துட்டானே, டீ வேற குடுத்தானே. ஒரு வார்த்தை கேட்டா. ஒரே ஒரு வார்த்தை கேட்டா என் பொண்ணு, நான் வாயையே துடைச்சுட்டு நிக்கிறேன். இனி எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வீட்டுக்கு வாடின்னு கூப்பிடுவேன். கால் நகர மாட்டேங்குது. ஒரு கையில ஆறின டீ, ஒரு கையில கைக்குட்டை, திருடி மாதிரி.

"அம்மா."

வந்துட்டா. எளைச்சிருக்கா. முடியைக் குட்டையா வெட்டிக்கிட்டா, கழுத்து எலும்பு தெரியுது. பக்கத்துல அவன். ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரே தட்டு, ஒரு கை அவ, ஒரு கை அவன் புடிச்சுக்கிட்டு, சட்னி ஊத்தி ரெண்டு போண்டா, ரெண்டும் கடிச்சது. பேச்சு முடியிறதுக்குள்ள பசிச்சிருக்கும், சின்னதுலேர்ந்தே பசி தாங்கமாட்டா. கீழ் ஒதட்டு ஓரத்துல கொஞ்சம் சட்னி. சிரிக்க ஆரம்பிச்சா, நெசமாவே சிரிக்கத்தான் ஆரம்பிச்சா, அதுக்குள்ள என் கையில இருக்கிற கைக்குட்டையைப் பாத்தா. பாத்த ஒடனே அவ பொறங்கை மேல வந்துடுச்சு. வாயை ஒரே இழுப்பா துடைச்சுக்கிட்டா. முப்பது வயசுக்கு மேல ஆச்சு அவளுக்கு. அவளுக்கே தெரியல துடைச்சுக்கிட்டது. அப்புறம்தான் கைக்குட்டையில இருக்கிற செவப்பைப் பாத்தா. அப்புறம் படத்தை.

ஆமோஸ் ஒரு அடி முன்னாடி வந்து, குனிஞ்சு பாத்து, "ஐயோ"ன்னான், மெதுவா. அவ தட்டை அவன் கையிலயே விட்டுட்டா.

"துடைச்சிட்டியா."

திட்டலாமே. கத்தலாமே. ஊரைக் கூட்டி என் அம்மா பண்ணின வேலையைப் பாருங்கன்னு சொல்லலாமே. மணல்ல நின்னுக்கிட்டு கேக்குற மாதிரியே கேக்குறா. அழுக்குன்னு நெனைச்சுட்டேன்டின்னு சொன்னேனா, நெனைச்சேனா, தெரியல.

"இத்தனை மாசமா வாயில்லாமத்தான்மா இருந்தா அவ. எப்படிப் போட்டாலும் வரல, விட்டுட்டேன். அப்படியேதான் மாட்டினாங்க. நீ வர்றேன்னு சொன்னியே, நேத்து சாயங்காலம் வந்து, இங்கயே நின்னுக்கிட்டு போட்டேன்." படத்துல அந்த வெறும் எடத்தைப் பாத்தா. "அதான் காயல."

இதுக்கு என்ன சொல்லுவ சௌந்தரம்? சொல்லு. நல்லா இருக்குன்னு சொல்லு, மன்னிச்சுக்கோன்னு சொல்லு, வீட்டுக்கு வான்னு சொல்லு. எல்லா வார்த்தையும் நாக்குல வந்து வந்து போவுது, எதுவும் சுத்தமா இல்ல. அவ திரும்பப் போறா. தோளு முதல்ல திரும்புது, எனக்குத் தெரியும் அந்தத் திரும்பல், அன்னைக்கும் தோளுதான் முதல்ல திரும்புச்சு. என் கை தட்டுப் பக்கம் போச்சு. கப்பைக் கீழ வெச்சுட்டுப் போச்சா, கொட்டிட்டுப் போச்சா, பாக்கல. ஆமோஸ் புடிச்சுக்கிட்டிருந்த தட்டுலேர்ந்து ஒரு போண்டாவை எடுத்தேன். பாதி தின்ன போண்டா. கடிச்ச எடத்துல பல்லு பதிஞ்ச வரி அப்படியே இருக்கு, ஓரம் ஈரமா இருக்கு. எது யாரோடதுன்னு தெரியல. கேக்கல. வாயில போட்டுக்கிட்டேன், முழுசா.

கொழகொழன்னு இருக்கு. ஆறிப்போன எண்ணெய் மேலண்ணத்துல ஒட்டுது. அந்த ஈரம் முதல்ல நாக்குல பட்டுச்சு, சில்லுன்னு, இன்னொருத்தர் வாய் பட்ட ஈரம், ஒடம்பு பூரா மயிர் சிலிர்த்துப் போச்சு. குமட்டுது. தொண்டை மூடிக்கிட்டு ஏத்துக்க மாட்டேங்குது, கண்ணுல தண்ணி முட்டுது, துப்பிடு துப்பிடுன்னு உள்ள ஒருத்தி கத்துறா. மென்னேன். வெங்காயம், பச்சை மிளகாய், வேகாத மாவு. முழுங்கினேன். பாதிதான் எறங்குச்சு, மிச்சம் கன்னத்துல நிக்குது. அவ நின்னுட்டா. ரெண்டு பேரும் என் வாயையே பாக்குறாங்க. அவ்வளவு பெருசா தொறந்திருக்கும் இப்ப என் வாய், அந்தப் படத்துல இருக்கிற எந்த வாய்க்கும் கொறைச்சல் இல்லாம.

"உப்பு பத்தலை"ன்னேன். வாய் நெறைய வெச்சுக்கிட்டுதான் சொன்னேன், ஒரு துண்டு வெளிய தெறிச்சுது.

ஆமோஸ் தட்டைக் கொஞ்சம் என் பக்கமா நீட்டினான். அதுல இன்னொண்ணு இருக்கு. திலகா கிட்ட வந்தா. வந்து என் முகத்துக்கு நேரா நின்னா, அவ கண்ணு ரெண்டும் அந்தப் பொண்ணு கண்ணேதான்.

"அம்மா. வாயில சட்னி."

கைக்குட்டை கையிலதான் இருக்கு. சட்னி ஒதட்டைத் தாண்டி எறங்குது, தெரியுது எனக்கு, பிசுபிசுன்னு மோவாய் வரைக்கும் வந்து ஒரு சொட்டாத் தொங்குது. பொறுக்க முடியல.

"இருக்கட்டும்டி"ன்னேன்.